கிரேக்கத் தாளில் ஒரு பிள்ளையார் சுழி

உ

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷமாகவே தயங்கிக்கொண்டிருந்தேன். தறி ஓட்டுகிறவனுக்கு எழுத்து எதற்கு என்று ஒரு கூச்சம். சாமி விஷயத்தை வேடிக்கையாக்கிவிட்டான் என்று யாராவது மனம் வருந்திவிடுவார்களோ என்று ஒரு பயம். ஒவ்வொரு தடவையும் தாளை எடுப்பேன், மேலே பிள்ளையார் சுழி போடுவேன், கீழே ஒரு கோடு இழுப்பேன். அதோடு கை நின்றுவிடும். மடித்து சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவேன். போன மாதம் என் மனைவி படத்தைத் துடைக்க எடுத்தபோது அத்தனை தாளும் பொலபொலவென்று விழுந்தன.

"இன்னாங்க இது, எல்லாத்துலயும் சுழி மட்டும் கீது? பிள்ளையாருக்கே கடுதாசி போட்டு வச்சிக்கீறீங்களா?" என்றாள்.

அந்தப் பிள்ளையாரே தள்ளிவிட்டான் என்று நினைத்து இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு ஊர் ஆந்திர எல்லையில் நகரி. வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் நாலு பவர்லூம் ஓடுகிறது. பள்ளிக்கூடம் தமிழில் படித்தேன். இன்டர், அதாவது பிளஸ் டூ, புத்தூரில் தெலுங்கில் எழுதி, தட்டுத் தடுமாறிப் பாஸானேன். அதற்குப் பிறகு படித்ததெல்லாம் பஞ்சாங்கமும் கரண்டு பில்லும்தான். கிருத்திகைக்கு விரதம், ஆடியில் திருத்தணிக்குக் காவடி, வருஷத்துக்கு ஒரு தடவை மலையேறி ஏழுமலையான் தரிசனம். இவ்வளவுதான் நான்.

எனக்கு ஒரே பெண். சித்தூரில் டிகிரி முடித்துவிட்டு, திருப்பதியில் ஒரு பல்கலைக்கழகத்தில் பழைய சரித்திரம் எம்.ஏ. சேர்ந்திருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்:

"நைனா, உன் இன்டர் சர்ட்டிஃபிகேட் கீதா?"

"கீது. ஏம்மா, லோனுக்கா?"

"லோனுக்கு இல்ல. கிரீக்குக்கு."

விஷயம் இதுதான். அந்தப் பல்கலைக்கழகத்தில் புதிதாகப் பழைய கிரேக்க மொழிக்கு இரண்டு வருஷ டிப்ளமா ஆரம்பிக்கிறார்கள். சனி, ஞாயிறு மத்தியானம் வகுப்பு. இன்டர் பாஸானவர் யாரும் சேரலாம், வயசு கணக்கில்லை. ஆனால் குறைந்தது ஆறு பேர் வேண்டும். என் பெண்ணோடு சேர்த்து ஐந்து பேர்தான் தேறியிருக்கிறார்கள். மறுநாள் கடைசி நாள்.

"பேருக்கு சேந்துக்கோ நைனா. நீ வந்து சும்மா குந்திக்கினாக்கூடப் போதும்."

"பொண்ணு படிக்கிறதுக்கு அப்பனும் சேரணுமா? எந்த ஊரு நாயம்டி இது?" என்றாள் என் மனைவி.

பெண் சிரிக்கவில்லை. அந்தக் காலத்தில் மிளகு வாங்கக் கப்பலில் வந்த கிரேக்கர்கள் நம் கரையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார்களாம். அதை இங்கிலீஷில் படித்திருக்கிறாள். "அவன் சொன்னான்னு இவன் சொல்றதத்தான் படிச்சிக்கினு கீறேன். அவன் சொன்னத அவன் வாயாலயே கேக்கணும்" என்றாள். அதைப் பற்றித்தான் ஆராய்ச்சி பண்ண ஆசை. அதற்கு அந்த மொழியில் இரண்டு வருஷமும் முடித்திருக்க வேண்டும் என்று கைடு சொல்லிவிட்டாராம்.

பெண் குழந்தை வாய் திறந்து ஒன்று கேட்கிறாள். வளையல் கேட்கவில்லை, வண்டி கேட்கவில்லை. "சரிம்மா" என்றேன்.

முதல் நாள் வகுப்பில்தான் தெரிந்தது, சும்மா குந்துகிற வேலை இல்லை என்று. பாடம் எடுக்க வந்த மேடம் தெலுங்குக்காரம்மா, வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர். நல்ல மனசு, கறாரான பேச்சு. வந்ததும் சொல்லிவிட்டார்: "ஆறு பேரும் பரீட்சை எழுதணும். ஆறு பேரும் பாஸானால்தான் இரண்டாம் வருஷம் வகுப்பு நடக்கும். ஒருத்தர் குறைந்தாலும் யூனிவர்சிடி நிறுத்திவிடும்."

ஐந்து தலையும் ஒன்றாகத் திரும்பி என்னைப் பார்த்தன. அதில் ஒன்று என் பெண்ணுடைய தலை.

என் பக்கத்தில் உட்கார்ந்தவர் ஒரு பாஸ்டர். பலமனேரிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர். அவர்களுடைய வேதத்தில் புதிய ஏற்பாடு முதலில் எழுதப்பட்டது இந்த மொழியில்தானாம், அதனால் வந்தேன் என்றார். "நீங்க எதுக்கு வந்தீங்க ஐயா?" என்று கேட்டார். முன் பெஞ்சில் இருந்த என் பெண்ணைக் காட்டினேன். "அப்ப ரெண்டு பேருக்குமே மேலிடத்து உத்தரவுதான்" என்றார். அன்றைக்கே சிநேகமாகிவிட்டோம். மற்ற மூன்று பேரும் என் பெண்ணின் வகுப்புத் தோழிகள். ஆகக் கடைசி பெஞ்சு எங்கள் இருவருக்கும்தான்.

அந்த வருஷம் முழுக்க எங்கள் வீடு தலைகீழாகத்தான் இருந்தது. சனிக்கிழமை காலையில் தறியில் ஏற்றிய பாவு நூல் முடிந்தாலும் முடியாவிட்டாலும் கை கழுவிவிட்டு ரயிலேறுவேன். தறியை என் மனைவி பார்த்துக்கொள்வாள். ரேணிகுண்டாவில் ரயில் நிற்கிற நேரமெல்லாம் பெண் என்னிடம் பாடம் கேட்பாள். எதிர் சீட்டில் மலைக்குப் போகிற குடும்பங்கள். அப்பன் ஒப்பிக்கிறதையும் பெண் அதட்டுகிறதையும் பார்த்து, ஒரு பெரியம்மா கையிலிருந்த முறுக்கை என்னிடம் நீட்டி, "துன்னுட்டு சொல்லு நைனா, வந்துடும்" என்றார்.

முதலில் கற்றுக்கொடுத்த வினைச்சொல்லுக்கு அர்த்தம் 'அவிழ்க்கிறேன்'. நாள் முழுக்க அறுந்த இழையைப் பிடித்து முடிச்சுப் போடுகிறவனுக்கு முதல் பாடமே அவிழ்க்கிறதுதானா என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். லூவோ, லூவேஸ், லூவே; லூவொமென், லூவெதே, லூவூசி. நான் அவிழ்க்கிறேன், நீ அவிழ்க்கிறாய் என்று வரிசையாகப் போகும். உட்கார்ந்து படித்தால் எனக்கு ஒன்றும் ஏறாது. தறி ஓடும்போது சொன்னால் ஏறியது. நூல் கொண்டு ஓடும் நாடா இந்தப் பக்கம் போனால் ஒரு சொல், அந்தப் பக்கம் வந்தால் ஒரு சொல். அந்தச் சத்தத்தில் நான் கத்தினாலும் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் சமையல்கட்டிலிருந்து என் மனைவி குரல் கொடுத்தாள்:

"லூவெதே உட்டுட்டீங்க!"

ஏழாவது ஆள் ஒருத்தி சமையல்கட்டில் இருந்தது பல்கலைக்கழகத்துக்குத் தெரியாது.

மேடம் நடுநடுவே கதை சொல்வார். அந்தக் கிரேக்கர்களுக்கு நம்மைப் போலவே எத்தனையோ சாமிகள். கடலுக்கு ஒரு சாமி, இடிக்கு ஒரு சாமி, அடுப்புக்குக்கூட ஒரு அம்மன். கடல் சாமி கோபித்துக்கொண்டு கப்பலைக் கவிழ்த்ததைச் சொன்னபோது என்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். வகுப்பே சிரித்தது.

"ஐயா, அது பழைய சாமி. இப்ப யாரும் கும்பிடறதில்ல" என்றார் பாஸ்டர் காதோரமாக.

"கும்பிடறவங்க இல்லன்னா பாவம், நாமளாவது ஒரு கும்பிடு போட்டா இன்னா கொறஞ்சிடும்?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் கிருத்திகை அன்று நான் சாப்பிடமாட்டேன் என்று தெரிந்ததும், அன்றெல்லாம் அவரும் தன் டிபன் பாக்ஸைத் திறக்கமாட்டார். "பசிக்கல" என்பார். பசிக்காத மனுஷன் சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் இட்லிக்கடையில் நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். அவர் ஊர்த் தக்காளி எங்கள் வீட்டுக்கு வரும். எங்கள் வீட்டு லுங்கி அவருக்குப் போகும்.

என் நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் மேலே பிள்ளையார் சுழி இருக்கும். மளிகை வாங்கக் குறிப்பு எழுதினாலும் அதைப் போடாமல் எழுதினதில்லை. என் அப்பா போட்டார், நானும் போடுகிறேன், என் பெண் மட்டும் செல்போன் வந்த பிறகு விட்டுவிட்டாள். ஆரம்பத்தில் மேடம் அதைச் சிவப்பு மையால் சுழித்து, இப்படி ஒரு எழுத்து கிரேக்கத்தில் இல்லை என்று எழுதிக் கொடுத்தார். பெண் எழுந்து விளக்கம் சொன்னாள். மேடம் சிரித்துவிட்டார். "சரி, அவர் இருந்துட்டுப் போகட்டும்" என்று அதற்குப் பிறகு தொடவே இல்லை.

பரீட்சை வந்தது. விடிகாலையில் குளித்து, ஸ்டேஷன் பக்கத்துப் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் உடைத்துவிட்டுப் போனேன். ஹாலுக்குள் நுழைந்ததும் அங்கே வேறு பரீட்சை எழுத வந்திருந்த பிள்ளைகள் எல்லாம் சடாரென்று எழுந்து நின்றார்கள். வெள்ளைச் சட்டை, நரைத்த தலை, நெற்றியில் விபூதி. காப்பியடிக்கிறவர்களைப் பிடிக்க வந்த ஸ்குவாட் என்று நினைத்துவிட்டார்கள். நான் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பேனாவை உதறியதும் ஒரே சிரிப்பு.

வினாத்தாளில் ஒருவன் குதிரையை அவிழ்த்துக்கொண்டு கடற்கரைக்குப் போகிற கதையை மொழிபெயர்க்கச் சொல்லியிருந்தார்கள். குதிரை தெரிந்தது, கடல் தெரிந்தது, அவிழ்க்கிறது எனக்குத் தூக்கத்திலும் தெரியும். என் காதுக்குள் தறி ஓடிக்கொண்டே இருந்தது. எழுதிவிட்டு வெளியே வந்து, "பாஸாயிடுவேன்மா" என்று பெண்ணிடம் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் பெரியவளான பிறகு ரோட்டில் அப்படிக் கையைப் பிடித்தது அன்றுதான்.

ரிசல்ட் போனில் வந்தது. ஐந்து பேர் பாஸ். என் பேருக்கு எதிரே மட்டும் நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று போட்டிருந்தது. மறுநாள் மேடமே போன் செய்தார். விடைத்தாளில் எந்த அடையாளக் குறியும் போடக்கூடாது, அது முறைகேடு என்று முன்பக்கத்திலேயே அச்சடித்திருக்கிறதாம். நான் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஒரே குறியைப் போட்டிருக்கிறேனாம். தாள் திருத்தினவர் வெளியூர்க்காரர். 'இது யாருக்கோ காட்டுகிற சைகை' என்று எழுதி அனுப்பிவிட்டாராம். தேதி குறிப்பிட்டு என்னை விசாரணைக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அந்த முன்பக்கத்தை நான் படிக்கவில்லை. படித்திருந்தாலும் பிள்ளையாரைத்தான் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியிருக்காது.

பெண் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தறிக் கொட்டகையில் போய் ஓடாத தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "இப்ப இன்னா பண்றதும்மா?" என்று கேட்டேன். "ஒண்ணும் இல்ல நைனா. ஆறு பேர் இல்லன்னா க்ளாஸ் இல்ல. வேற எதனா சப்ஜெக்ட் எடுத்துக்கறேன்" என்றாள். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சாமி முன்னால் நின்று கேட்டேன்: "உன் பேரால ஆரம்பிச்சது தப்பாய்யா? என் பாஸு எனக்கு வாணாம். புள்ள ஆசையைக் காப்பாத்து."

விசாரணைக்கு ரயிலில் நானும் பெண்ணும் போனோம். வாசலில் பாஸ்டர் நின்றுகொண்டிருந்தார், யாரும் கூப்பிடாமலே.

"நீங்க ஏன் வந்தீங்க?"

"உங்க பிள்ளையாருக்கு சாட்சி சொல்ல ஆள் வேணாமா?" என்றார். அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

உள்ளே மூன்று அதிகாரிகள். நடுவில் ஒரு பெரியவர், ஒரு பக்கம் ஒரு அம்மா, இன்னொரு பக்கம் இளவயசுக்காரர் ஒருவர். என் விடைத்தாள் மேசைமேல் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு வட்டம். பெண்ணையும் பாஸ்டரையும் கதவுக்குப் பக்கத்திலேயே நிற்கச் சொல்லிவிட்டார்கள்.

"இதி ஏமிட்டண்டி?" என்று பெரியவர் வட்டத்துக்குள் இருந்ததைக் காட்டிக் கேட்டார்.

"வினாயகுடண்டி" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுத் தாளைத் தூக்கிப் பார்த்தார். தாளைத் திருப்பியும் பார்த்தார். "இந்துலோ வினாயகுடு எக்கட?" என்றார். இதில் வினாயகர் எங்கே இருக்கிறார் என்கிறார்.

நியாயமான கேள்விதான். தெலுங்கில் மேலே ஸ்ரீ என்று எழுதுவார்கள், இல்லை ஓம் போடுவார்கள். ஒரு கொக்கியைப் போட்டு இதுதான் சாமி என்று சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? எனக்குத் தெரிந்த தெலுங்கில் சொன்னேன். எங்கள் தமிழ்க்காரர்கள் எதை எழுதினாலும் முதலில் இதைப் போட்டுத்தான் எழுதுவோம், கல்யாணப் பத்திரிகைக்கும் இது உண்டு, கடைக் கணக்குக்கும் இது உண்டு என்றேன்.

"ஸ்ரீ போட்டாலும் தப்புதான். விதி எல்லாருக்கும் ஒன்று" என்றார் இளவயசுக்காரர். "திருத்துகிறவரிடம் முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டு போட்ட குறி இல்லை என்று எப்படி நம்புவது?"

திருத்துகிறவர் எந்த ஊர், எப்படி இருப்பார் என்றே எனக்குத் தெரியாது. கதவுப் பக்கம் பார்த்தேன். பெண் முகம் வெளுத்திருந்தது. பாஸ்டர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் வேண்டிக்கொள்கிறார் என்று தெரிந்தது.

பெரியவர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் என் பக்கம் தள்ளினார். "சரி. நடந்ததை உங்கள் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதைப் பார்த்து முடிவு செய்கிறோம்."

பேனாவைத் திறந்தேன். தெலுங்கில் எழுதி ரொம்ப நாளாகிறது, முதல் வார்த்தை என்ன போடலாம் என்று யோசித்துக்கொண்டே எழுத ஆரம்பித்தேன்.

அந்த அதிகாரி அம்மாதான் முதலில் பார்த்தது. "சூடண்டி, மள்ளீ பெட்டாரு!" என்று கூவிவிட்டார். பாருங்கள், மறுபடியும் போட்டுவிட்டார்!

எனக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து பார்த்தேன். தாளின் தலையில், நட்டநடுவில், பிள்ளையார் சுழி. கீழே கோடுகூட இழுத்துவிட்டிருந்தேன். முறைகேடு இல்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டிய தாளிலேயே.

பெரியவர் தொப்பை குலுங்கச் சிரித்தார். விதி பேசிய இளவயசுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், ஆனால் தோள் ஆடியது. என் பெண் நெற்றியில் அடித்துக்கொண்டு, "ஐயோ நைனா!" என்றாள். "இதுக்கு மேல சாட்சி வேணுமா சார்?" என்று பாஸ்டர் கதவருகிலிருந்தே கேட்டார்.

நான் பதறிப்போய் அதை அடிக்கப் பேனாவை எடுத்தேன். அதற்கும் கை வரவில்லை, சாமியை எப்படி அடிப்பது? அதைப் பார்த்து அந்த அம்மாவுக்கு இன்னும் சிரிப்பு. "வேணாம், வேணாம், அதை அப்படியே விடுங்கள். அந்தத் தாள்தான் எங்களுக்கு ஆதாரம்" என்றார் பெரியவர்.

பழக்கத்தால் நேர்ந்தது, கெட்ட எண்ணம் இல்லை என்று எழுதி, ஒரு எச்சரிக்கையோடு என் ரிசல்ட்டை விட்டார்கள். பாஸ். நூலிழையில் பாஸ்தான், ஆனாலும் பாஸ். கிளம்பும்போது பெரியவர் கூப்பிட்டு, "அடுத்த வருஷப் பரீட்சையில் அவரை வாசலிலேயே விட்டுவிட்டு வாங்க" என்றார். வெளியே வந்ததும் பெண் அழுதுகொண்டே சிரித்தாள். பாஸ்டர் எங்களை இட்லிக்கடைக்கு அழைத்துப் போனார். அன்று கிருத்திகை இல்லை, இரண்டு பேருக்கும் நல்ல பசி.

இரண்டாம் வருஷம் வகுப்பு நடந்தது. பரீட்சையில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வாசலில் விட மனசு வரவில்லை. விடைத்தாள் கொடுப்பதற்கு முன்பே பெஞ்சுப் பலகையில் விரலால் ஒரு சுழி போட்டுக்கொண்டேன். மை இல்லை, அடையாளம் இல்லை. அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஆறு பேரும் பாஸானோம். என் பெண் இப்போது ஆராய்ச்சியில் இருக்கிறாள். போன வாரம் போன் செய்து, கப்பலில் வந்த அந்த மனுஷன் நம் கரையைப் பற்றி எழுதியதை அவன் மொழியிலேயே படித்துக் காட்டினாள். எனக்குப் பாதி புரிந்தது. பக்கத்திலிருந்து என் மனைவி, "இன்னா சொல்றான் அவன், மிளகு நல்லா கீதாமா?" என்று கேட்டாள். "நல்லா கீதாம்" என்றேன்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் உண்டு. ஊரில் இந்தக் கதை என்னைவிட வேகமாக நடக்கிறது. பிள்ளையாரே ஹாலுக்குள் வந்து எனக்குப் பதிலாக எழுதினார் என்று ஒரு வீட்டில் சொல்கிறார்கள். அதிகாரி என் காலில் விழுந்தார் என்று சாயப்பட்டறையில் பேசிக்கொள்கிறார்கள். தாளில் சுழி போட்டால் படிக்காமலே பாஸாகலாம் என்று ஒரு பையன் நம்பியே விட்டான். அப்படியெல்லாம் இல்லை ஐயா. படித்தது நான், படிக்க வைத்தது என் பெண், விட்டதை எடுத்துக் கொடுத்தது என் மனைவி. கையைப் பழக்கி வைத்தது மட்டும் அவன். அந்தக் கை பொய் சொல்லத் தெரியாமல் போனதால்தான் தப்பித்தோம். எனக்கு அது போதும், அதிலேயே அவனைக் கண்டுவிட்டேன்.

நீங்கள் இதை நாலு பேருக்குச் சொன்னால் சந்தோஷம். சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது, அதற்கு நான் பொறுப்பு. சொல்வதானால் மட்டும் தயவுசெய்து நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். நூலிழையில் பாஸானதை முதல் வகுப்பு ஆக்க வேண்டாம். பாஸ்டரை விட்டுவிட வேண்டாம். நகல் எடுப்பவர்கள், எழுத்துப் பிழை இருந்தால்கூட இருக்கிறபடியே எடுத்துக்கொள்ளுங்கள். மேலே தலைப்பை ஒட்டி நான் போட்டிருக்கும் சுழியையும் எடுத்துவிடாதீர்கள். இது பரீட்சைத் தாள் இல்லை.